மிளகுக்குக் கப்பல் கொடுத்த ராஜா: ஒரு ரீமேக் பற்றி ஆசிரியருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் பழைய வீடியோ கேம்களின் ரீமேக்குகள் பற்றி ஒரு துணுக்கு வந்திருந்தது. கம்பெனிகளுக்குப் புதுக் கதை கிடைக்கவில்லை, அதனால் முப்பது நாற்பது வருஷத்துக்கு முந்தைய சரக்கையே எடுத்து கிராபிக்ஸை மட்டும் பளபளப்பாக்கி முழு விலைக்கு விற்கிறார்கள் என்பது அதன் சாரம். எழுதியவர் போகிறபோக்கில் சொன்ன பெயர்களில் டிராகன் குவெஸ்ட் 3-ம் ஒன்று. விலை பற்றிய புலம்பலில் எனக்கும் பங்கு உண்டு, அதில் சண்டையில்லை. ஆனால் "கிராபிக்ஸை மட்டும்" என்று எழுதியதுதான் உறுத்துகிறது. இந்தக் கேமில் மாறியவற்றிலேயே ஆகச் சின்ன மாற்றம் கிராபிக்ஸ்தான் என்பேன். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், இடமில்லை என்றால் வெட்டிக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்காக முதலில் சில விவரங்கள். டிராகன் குவெஸ்ட் 3 ஜப்பானில் 1988 பிப்ரவரி 10 அன்று நின்டெண்டோவின் ஃபாமிகாம் கருவிக்கு வந்தது. வெளியிட்டது எனிக்ஸ், நிரல் எழுதியது சுன்சாஃப்ட். அது ஒரு புதன்கிழமை, பள்ளி நாள். கடைகளுக்கு முன்னால் விடியற்காலையிலேயே வரிசை, அதில் பள்ளிக்கு மட்டம் போட்ட பையன்கள் ஏராளம், போலீஸ் அவர்களைப் பிடித்து அனுப்பியது செய்தியானது. இதை வைத்து "டிராகன் குவெஸ்ட்டை வேலை நாளில் விற்கக்கூடாது என்று ஜப்பானில் சட்டமே போட்டார்கள்" என்று ஒரு கதை உலகம் முழுக்கச் சுற்றுகிறது, அப்படி ஒரு சட்டமும் இல்லை, அடுத்த பாகத்தைக் கம்பெனியே ஞாயிற்றுக்கிழமை பார்த்து வெளியிட்டது, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் டிராகன் வாரியர் 3 என்ற பெயரில் அமெரிக்காவுக்குப் போக 1992 ஆகிவிட்டது. நம் ஊரில் தொண்ணூறுகளில் ஓடிய நகல் கன்சோல்களுக்கான கேசட்டுகளில் மரியோவும் கான்ட்ராவும்தான் வந்தன, படித்துப் படித்து விளையாட வேண்டிய இந்த வகை கேம்கள் கண்ணில் பட்டதே இல்லை.

அந்தக் கேசட்டின் மொத்தக் கொள்ளளவு 256 கிலோபைட். காலையில் சித்தப்பா வாட்ஸ்அப்பில் அனுப்பும் குட்மார்னிங் படம்கூட அதைவிடப் பெரியதாக இருக்கும். அதற்குள் பூமியின் வரைபடத்தை லேசாகக் கலைத்துப் போட்டது போன்ற ஒரு உலகம், ஊர் ஊராக மக்கள், பகல் இரவு மாறும்போது மாறும் அவர்கள் பேச்சு, ஏழெட்டுத் தொழில்கள், அதில் ஒரு தொழிலை விட்டு இன்னொன்றுக்கு மாறும் வசதி, எல்லாம் இருந்தது. இடம் போதாமல் தலைப்புப் படத்தையே தூக்கிவிட்டார்கள், கேசட்டைப் போட்டால் கருப்புத் திரையில் பெயர் மட்டும் எழுத்தாக வரும். சண்டையில் உதவாமல் கோமாளித்தனம் பண்ணிக்கொண்டே திரியும் ஒரு ஊதாரிகூட இந்தத் தொழில்களில் உண்டு. அவனைப் பொறுமையாக இருபதாம் நிலை வரை வளர்த்தால், மற்றவர்கள் அரிய நூல் ஒன்றைத் தேடிப் பிடித்தால் மட்டுமே ஆகக்கூடிய ஞானியாக அவன் சும்மாவே ஆகிவிடுவான். இதை யோசித்தவருக்கு ஒரு கும்பிடு.

சில வருஷம் வேலை நிமித்தம் ஜப்பானில் இருந்தவன் நான். அங்கே பழைய பொருள் கடைகளில் இந்தக் கேசட் சல்லிசாகக் கிடைக்கும், ஏனென்றால் ஃபாமிகாம் கேசட்டாகவே முப்பத்தெட்டு லட்சம் பிரதி விற்றது. எழுத்தெல்லாம் ஒலியை மட்டும் குறிக்கும் கனா எழுத்தில்தான் இருக்கும், சீனத்திலிருந்து வந்த கன்ஜி எழுத்துகளைப் போட அந்த நினைவகத்தில் இடமில்லை, அதனால் என்னைப் போல அரைகுறையாக ஜப்பானிய மொழி கற்றவனும் எழுத்துக்கூட்டிப் படித்து ஒப்பேற்ற முடிந்தது. பிற்பாடு 2014-ல் வந்த ஆங்கில மொபைல் பதிப்பையும் முடித்தேன். 2024 நவம்பர் 14-ல் வெளியான, பழைய புள்ளி உருவங்களை முப்பரிமாண ஊர்களில் நடக்கவிடும் ஹெச்டி-2டி பாணி ரீமேக்கைக் கணினியில் முடித்தேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

இப்போது மிளகு. கேமின் உலகத்தில் போர்ச்சுகல் இருக்க வேண்டிய இடத்தில் போர்த்தோகா என்று ஒரு கோட்டை இருக்கிறது. அந்த ராஜா நம்மைப் பார்த்து, கிழக்கே ரொம்ப தூரத்தில் கருமிளகு விளையும் தேசம் ஒன்று இருக்கிறதாம், கொண்டு வந்தால் உனக்கு ஒரு கப்பல் தருகிறேன் என்கிறார். கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்து அனுப்புகிறார், அதை ஒரு குகைவாசியிடம் காட்டினால் அவர் சுவரை உடைத்து மலைக்கு அந்தப் பக்கம் வழி விடுவார். அதைத் தாண்டி இறங்கி நடந்தால், இந்தியா இருக்க வேண்டிய இடத்தில் பஹராத்தா என்ற ஊர். பக்கத்திலேயே புனித நதி. அங்கே ஒரு மிளகுக் கடை. கடைக்காரக் கிழவரின் பேத்தி தானியாவைக் கொள்ளைக்காரன் காந்தாத்தா தூக்கிக்கொண்டு போய்விட்டான், அவளைக் காதலிக்கும் குப்தா மீட்கப் போய் அவனும் மாட்டிக்கொள்கிறான், இரண்டு பேரையும் நாம் குகையிலிருந்து மீட்டு வந்தால், கடையில் இப்போது குப்தா உட்கார்ந்திருப்பான், காசு வாங்காமல் மிளகைக் கொடுப்பான். ராஜாவிடம் கொண்டு போனால் நிஜமாகவே கப்பல். அதிலிருந்துதான் உலகமே திறக்கிறது.

முசிறிக்குப் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய யவனர் கலங்களை அகநானூறு சொல்கிறது, 1498-ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுப் பக்கம் வந்து இறங்கியதும் இதே சரக்கைத் தேடித்தான். ஜப்பானில் உட்கார்ந்து சிறுவர்களுக்குக் கேம் எழுதிய ஒருவர் அந்த வரலாற்றை இப்படிச் சுருக்கி வைத்திருக்கிறார் என்பதே நம் பத்திரிகைகள் ஒரு பத்தி எழுத வேண்டிய விஷயம். அது கிடக்கட்டும், நான் சொல்ல வந்தது வேறு.

1988-ல் இந்த மிளகை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? கேட்டுத்தான். ராஜா கிழக்கு என்று சொல்கிறார், அவ்வளவுதான் தகவல். குகைவாசி எங்கே இருக்கிறார், எந்தக் குகையில் அந்தப் பெண்ணை வைத்திருக்கிறார்கள், எல்லாவற்றையும் யாராவது ஒருவர் வாயிலிருந்து பிடுங்க வேண்டும், அந்த ஒருவர் யார் என்று தெரியாது என்பதால் ஊரில் இருக்கும் எல்லோரிடமும் பேச வேண்டும். கேமை எழுதிய யூஜி ஹோரி பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்தவர், 1983-லேயே துப்பறியும் கேம் ஒன்றைச் செய்தவர், ஆட்களிடம் விசாரித்து விசாரித்துத் துப்பு சேர்ப்பது அவருக்குக் கை வந்த கலை. ஒவ்வொரு ஆளுக்கும் இரண்டு மூன்று வரிக்கு மேல் வசனம் இருக்காது. அந்த இரண்டு வரியில் ஒரு துப்பும் இருக்கும், அந்த ஊரின் குணமும் இருக்கும். இசிஸ் என்ற பாலைவன அரண்மனையில் குழந்தைகள் ஓடிப் பிடித்துப் பாடிக்கொண்டிருப்பார்கள், சும்மா விளையாட்டுப் பாட்டு என்று கடந்துவிட்டால் பிரமிடுக்குள் எந்தப் பொத்தானை முதலில் அழுத்துவது என்று தெரியாமல் மாட்டிக்கொள்வீர்கள், ஏனென்றால் கிழக்கு முதலில், மேற்கு அப்புறம் என்ற விடை அந்தப் பாட்டில்தான் இருக்கிறது. அஸ்ஸாலாம் என்ற ஊரில் ஒரு வியாபாரி "என் நண்பா" என்று வாய் நிறையக் கூப்பிட்டு யானை விலை சொல்வான், வேண்டாம் என்றால் குறைப்பான், மறுபடி வேண்டாம் என்றால் இன்னும் குறைப்பான், கடைசியாகச் சொல்லும் விலையும் வெளியே கிடைப்பதைவிட அதிகமாகத்தான் இருக்கும். அவன் கதைக்குத் தேவையே இல்லாத ஆள். ஆனால் எனக்கு இந்தக் கேமில் இன்றும் முகம் ஞாபகம் இருக்கும் ஆட்களில் அவனும் ஒருவன்.

2024 ரீமேக்கில் வரைபடத்தில் ஒரு குறி இருக்கிறது. அடுத்து எங்கே போக வேண்டுமோ அங்கே அது நிற்கும். ராஜா பேசி முடித்ததும் குறி நகரும், நீங்கள் அந்தக் குறியை நோக்கி நடந்தால் போதும். என் அக்கா மகன் கல்லூரியில் படிக்கிறான், என்னிடமிருந்து வாங்கித்தான் விளையாடினான், கப்பல் கிடைக்கும் வரை வேகமாகப் போய்விட்டான். பஹராத்தா எப்படி இருந்தது என்று கேட்டேன். "எது மாமா, அந்த மிளகு ஊரா? நான் யார்கிட்டயும் பேசலையே, குறி காட்டுச்சு, போனேன், வந்தேன்" என்றான். அவன் மேல் தப்பே இல்லை, கேம் காட்டிய வழியில்தான் போனான். ஆனால் இது கிராபிக்ஸ் மாற்றம் இல்லையே ஆசிரியர் அவர்களே. ஒரே ராஜா, ஒரே கடிதம், ஒரே மிளகு, வசனங்கள்கூட பெரும்பாலும் அதேதான், இருந்தும் அவன் விளையாடியதும் நான் விளையாடியதும் வேறு வேறு கேம்.

இதற்காக ரீமேக் மோசம் என்று சொல்கிறேன் என நினைத்துவிட வேண்டாம். குறியை அமைப்புகளில் போய் அணைத்துவிடலாம். அதைவிட முக்கியமாக, யாராவது ஏதாவது சொன்னால் அந்த வசனத்தை அப்படியே ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும் ஒரு வசதியைச் சேர்த்திருக்கிறார்கள், பிற்பாடு பட்டியலைத் திறந்து படித்துக்கொள்ளலாம். அன்றைய பிள்ளைகள் பக்கத்தில் நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு கிறுக்கியதைத்தான் இது செய்கிறது. குறியை அணைத்து, இந்த வசதியை மட்டும் வைத்துக்கொண்டு விளையாடினால் இதுவரை வந்த பதிப்புகளிலேயே இதுதான் சிறந்தது என்று தயங்காமல் சொல்வேன். ஹோரியின் கேமைச் சரியாகப் புரிந்துகொண்ட ஒருவர் அந்த ஞாபக வசதியைச் செய்திருக்கிறார், பாதியில் புது ஆட்கள் விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்று பயந்த இன்னொருவர் குறியைச் செய்திருக்கிறார், இரண்டு பேரும் ஒரே அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பயம் அர்த்தமில்லாததும் இல்லை. வேலை முடிந்து வந்து அரை மணி நேரம் விளையாடுகிறவருக்கு, போன வாரம் யார் என்ன சொன்னார் என்று ஞாபகம் இருக்குமா? மூன்று கடின நிலைகள் கொடுத்திருக்கிறார்கள், ஆக எளிதானதில் உங்கள் ஆட்கள் சாகவே மாட்டார்கள், அதை நான் தொடவில்லை, ஆனால் அது இருப்பதில் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. தானாகவே சேமிக்கும் வசதியும் அப்படித்தான். பழைய கேசட்டில் பேட்டரியின் தயவில்தான் ஆட்டம் சேமிக்கப்பட்டது, ஒருநாள் கருவியைப் போட்டால் ஒரு பயங்கரமான இசைத் துணுக்கோடு "பரிதாபம்தான், ஆனாலும் உங்கள் சாகசப் புத்தகம் அழிந்துவிட்டது" என்று திரை சொல்லும். ஜப்பானில் என்னுடன் வேலை பார்த்த நாற்பது ஐம்பது வயதுக்காரர்கள் அந்த இசையை இன்றும் முணுமுணுத்துக் காட்டிவிட்டு ஒரு மாதிரி சிரிப்பார்கள். அது திரும்பி வர வேண்டாம்.

அடுத்தது நாயகனின் அப்பா ஒர்தேகா. எனக்கு ரீமேக்கோடு உண்மையான மனத்தாங்கல் இந்த இடத்தில்தான்.

கதை தொடங்கும்போது நமக்குப் பதினாறாவது பிறந்தநாள். அம்மா எழுப்பி ராஜாவிடம் அழைத்துப் போகிறாள். அப்பா பெரிய வீரர், தீய சக்தியை அழிக்கக் கிளம்பிப் போனவர், எரிமலையில் விழுந்து இறந்துவிட்டார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். 1988 பதிப்பில் ஒர்தேகாவை நாம் பார்ப்பதே இல்லை, கேள்விப்படுகிறோம். ஒரு ஊரில் யாரோ, உன் அப்பா இந்த வழியாகத்தான் போனார் என்பார்கள். வடகிழக்குக் கோடியில் மூவோர் என்ற கிராமத்துக்குப் போனால் நம்மைப் பார்த்து "பொக்காபமாஸ்" என்று வேறு யாருடைய பெயரையோ சொல்லிக் கூப்பிடுகிறார்கள், விசாரித்தால், ஊருக்கு வெளியே குற்றுயிராய்க் கிடந்த ஒரு மனிதரை அவர்கள் தூக்கி வந்து காப்பாற்றியிருக்கிறார்கள், அந்த மனிதரின் ஜாடை நமக்கு இருக்கிறது. அப்பா எங்கோ உயிரோடு இருக்கலாம் என்ற எண்ணம் இப்படி அடுத்தவர் வாய்ப்பேச்சாகவே நமக்குள் வளரும். கடைசியில், கேமின் இறுதி எதிரியான சோமாவின் கோட்டைக்குள் அவரைப் பார்க்கிறோம், ஆனால் அவர் தனியாக ஹைட்ரா என்ற பல தலைப் பாம்போடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார், நம்மால் குறுக்கே போய் உதவ முடியாது, பார்த்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். விழுந்த பிறகு அவருக்குக் கண் தெரியவில்லை, யாரோ வழிப்போக்கர் என்று நினைத்து நம்மிடமே நமக்கான சேதியைச் சொல்லிவிட்டு இறந்துபோகிறார்.

இதில் வேடிக்கை, கேசட்டில் இடமில்லாததால் ஒர்தேகாவுக்கென்று தனி உருவம் வரையவில்லை. பஹராத்தாவில் பெண்ணைக் கடத்தினானே காந்தாத்தா, முகமூடியும் ஜட்டியுமாகத் திரியும் கொள்ளைக்காரன், அவன் உருவத்தையே எடுத்து அப்பாவுக்கு மாட்டிவிட்டார்கள். மகாவீரர் அப்பா உயிரை விடும் காட்சியில் திரையில் இருப்பது ஜட்டி போட்ட கொள்ளைக்காரனின் பொம்மை. அப்படியும் அந்தக் காட்சி வேலை செய்தது, ஏனென்றால் அந்த நேரத்துக்குள் ஒவ்வொருவரும் மனசுக்குள் ஒரு அப்பாவை வரைந்து வைத்திருந்தார்கள், திரையில் என்ன நின்றது என்பது ஒரு பொருட்டாகவே இல்லை.

1996-ல் சூப்பர் ஃபாமிகாமுக்கு முதல் ரீமேக் வந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் துணுக்கு ரீமேக்கை இன்றைய நோய் மாதிரி எழுதியிருந்தது, எட்டே வருஷத்தில் இந்தக் கேமை இவர்களே ஒருமுறை மறுபடி செய்துவிட்டார்கள். அதில் ஒர்தேகாவுக்கு முகம் கிடைத்தது. தொடக்கத்திலேயே அவர் எரிமலை வாயில் டிராகனோடு சண்டை போடும் காட்சியைக் காட்டினார்கள், மூவோரில் அவர் விட்டுச்சென்ற தலைக்கவசத்தை வைத்தார்கள், கதை முடிந்த பிறகு ஒரு தெய்வ டிராகனைத் தோற்கடித்தால் வரமாக அவரை உயிரோடு திரும்பக் கேட்கலாம். தலைக்கவசம் அருமையான சேர்க்கை. அவரைப் பற்றிக் கேட்பதோடு நின்ற இடத்தில் அவர் பொருள் ஒன்று கையில் கிடைக்கிறது, அதை நாம் போட்டுக்கொண்டு போகிறோம். வரம், என்னைக் கேட்டால், வேண்டாத சலுகை. ஆனால் அதைக் கேட்காமலும் விடலாம்.

2024-ல் அவருடைய பயணத்தை நினைவுக் காட்சிகளாகவே ஆங்காங்கே புகுத்தியிருக்கிறார்கள். குரல் நடிப்போடு, அழகாக, பணத்தைக் கொட்டிச் செய்திருக்கிறார்கள். சில காட்சிகள் எனக்கும் பிடித்தன, மறுக்கவில்லை. ஆனால் அவர் எப்படிப்பட்டவர், எப்படிப் பேசுவார், யாரோடு பழகினார் என்று எல்லாமே கண்ணுக்குத் தெரிந்துவிட்ட பிறகு, கோட்டையில் அவர் விழும்போது நமக்குத் தெரிந்த ஒரு கதாபாத்திரம் இறக்கிறது. பழையதில் இறந்தது பார்க்காத அப்பா. இரண்டாவதுதான் எனக்கு வலித்தது. இன்னொருவருக்கு முதலாவது வலிக்கலாம், அதைப் பற்றித்தான் நாம் சண்டை போட வேண்டும், நாவல் படமாகும்போது போடுவதைப் போல. "கிராபிக்ஸ் நன்றாக இருக்கிறது, கதை அதே கதை" என்று நான்கு வரியில் முடித்துவிட்டால் இந்தச் சண்டைக்கே இடமில்லாமல் போகிறது.

இன்னொரு விஷயம், இதை உடைத்துச் சொல்வதில் தப்பில்லை என்று நினைக்கிறேன், 1988-ல் வந்த கதை. பெரிய எதிரியை வீழ்த்தி ஊர் திரும்பிக் கொண்டாட்டம் நடக்கும்போது அவனுக்கும் மேலே ஒருவன் இருப்பது தெரிகிறது, பூமியில் பிளந்த பள்ளத்தில் குதித்தால் கீழே வேறொரு உலகம். அது முதல் டிராகன் குவெஸ்ட்டின் அலெஃப்கார்ட். 1986-ல் எந்த வரைபடத்தில் நடந்தார்களோ அதே வரைபடம், அதே இசை. முதல் கேமில் பெயராக மட்டும் கேட்ட அந்தப் பழங்கால வீரர் வேறு யாருமில்லை, நாம்தான் என்று கடைசித் திரையில் தெரியும். முதல் இரண்டையும் விளையாடிவிட்டு வந்த பிள்ளைக்கு அந்த இசை கேட்ட நொடியில் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இப்போது ஹெச்டி-2டியில் 3-ஐ முதலில் வெளியிட்டு, 1, 2 இரண்டையும் சேர்த்து 2025 அக்டோபர் 30-ல் வெளியிட்டார்கள். கதையின் காலவரிசைப்படி இது சரிதான். ஆனால் இந்த வரிசையில் புதிதாக வருகிறவருக்கு அலெஃப்கார்ட் இன்னொரு புது ஊர், அவ்வளவுதான், அந்த இசை அவருக்குப் பழைய இசை இல்லை. அதற்குப் பதிலாக அவர் முதல் கேமுக்குப் போகும்போது, ஊர்க்காரர்கள் புராணம் மாதிரிச் சொல்லும் வீரர் தான் வளர்த்த ஆள் என்ற நினைப்போடு நடப்பார். அது வேறு வகைச் சுகம். எது உசத்தி என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை, என் அக்கா மகனுக்கு அந்த இரண்டாவதுதான் வாய்க்கும், அவன் வந்து சொல்லட்டும் என்று விட்டிருக்கிறேன்.

கழித்தவையும் உண்டு. 1996-ல் சேர்த்த, பகடை உருட்டிக் கட்டம் கட்டமாக நம் ஆளே நகர்ந்து போகும் பலகை ஆட்டம் புதியதில் இல்லை. அரக்கர்கள் சண்டையில் யார் ஜெயிப்பார் என்று பணம் கட்டும் சூதாட்டக் கூடத்தை எடுத்துவிட்டு, நாமே அரக்கர்களைச் சேர்த்து மோதவிடும் அரங்கமாக மாற்றியிருக்கிறார்கள், அதற்கென்றே ஒரு புதுத் தொழிலும் வந்திருக்கிறது, அதைச் சேர்த்துக்கொண்டால் நடுப்பகுதி சண்டைகள் கொஞ்சம் சப்பென்று ஆகிவிடுகின்றன. பெண் வீரரின் உடையைக் கொஞ்சம் மூடி வரைந்ததற்காக இணையத்தில் மாதக்கணக்கில் அடித்துக்கொண்டார்கள், அதைப் பற்றி எனக்குச் சொல்ல எதுவும் இல்லை.

படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், துணுக்கு எழுதியவர் அதையாவது சரியாகச் சொன்னாரே. பழைய புள்ளி உருவங்களை அப்படியே வைத்துக்கொண்டு, சுற்றியுள்ள ஊரையும் கடலையும் வெளிச்சத்தையும் முப்பரிமாணத்தில் போடும் இந்தப் பாணி 2018-ல் ஆக்டோபாத் டிராவலரில் தொடங்கியது. அரக்கர்கள் எல்லாம் அகிரா தோரியாமா வரைந்தவர்கள், டிராகன் பால் வரைந்த அதே மனிதர், அந்த நீலச் சொட்டு ஸ்லைமைப் பார்த்தால் கேமே தெரியாதவர்களும் அடையாளம் கண்டுகொள்வார்கள். இசை கோயிச்சி சுகியாமா, புதியதில் டோக்கியோ மெட்ரோபாலிட்டன் சிம்பொனி இசைக்குழு வாசித்த வடிவம். 2021 டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் அணிவகுப்பு தொடங்கியபோது முதலில் ஒலித்தது அவருடைய டிராகன் குவெஸ்ட் இசைதான். அந்த ஆண்டு மே மாதம்தான் ரீமேக்கை அறிவித்தார்கள், செப்டம்பரில் சுகியாமா இறந்துவிட்டார், 2024 மார்ச் 1-ல் தோரியாமாவும் போய்விட்டார், நவம்பரில் கேம் வெளியானபோது மூவரில் ஹோரி மட்டும்தான் இருந்தார். சரக்கு தீர்ந்துபோய் பழையதை விற்கிறார்கள் என்று எழுதுமுன் இதையும் கொஞ்சம் பார்த்திருக்கலாம்.

நியாயமான கோபம் ஒன்று இருக்கிறது, அதைத் துணுக்கு தொடவே இல்லை. 1988 பதிப்பை இன்று புதிதாகக் காசு கொடுத்து வாங்க நமக்கு வழியில்லை. மொபைலிலும் நின்டெண்டோவின் ஸ்விட்ச் கருவியிலும் கிடைப்பது பிற்கால வடிவம். 2011-ல் நின்டெண்டோவின் வீ (Wii) கருவிக்கு முதல் மூன்று கேம்களின் ஃபாமிகாம் வடிவங்களையும் சேர்த்து ஒரு தொகுப்பு போட்டார்கள், அதுவும் ஜப்பானில் மட்டும். 256 கிலோபைட்டை ரீமேக்கின் ஓரத்தில் ஒரு மெனுவாக வைக்க எவ்வளவு இடம் பிடித்துவிடும்? கருப்புத் திரை, ஜட்டி அப்பா, அழிந்துபோகும் புத்தகம் எல்லாவற்றோடும் அப்படியே வைத்திருந்தால் ஆட்களே ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார்கள், என்னைப் போன்றவர்கள் இவ்வளவு நீளக் கடிதம் எழுத வேண்டியிருக்காது. பழைய படம் 4கே-யில் மறுவெளியீடு ஆகும்போது எந்தக் காட்சியை வெட்டினார்கள், ஒலியில் என்ன செய்தார்கள் என்று உங்கள் சினிமா பக்கத்தில் அரைப்பக்கம் எழுதுகிறீர்கள், அந்தக் கவனத்தில் கால்வாசியைத் தொழில்நுட்பப் பக்கத்தில் இவற்றுக்கும் கொடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். பழையதையும் புதியதையும் விளையாடியவர்கள் உங்கள் வாசகர்களிலேயே இருப்பார்கள், கேட்டால் எழுதித் தருவார்கள். அப்புறம், இந்தக் கேமை இனிமேல் வாங்கப் போகும் வாசகர்களுக்காக ஒரு வரி போட்டுவிடுங்கள்: அமைப்புகளுக்குப் போய் வழிகாட்டும் குறியை அணைத்துவிட்டு, பஹராத்தாவில் எல்லோரிடமும் பேசவும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
திருச்சி